செந்தாமரையின் நாற்பத்தேழு சிப்புகள்

திருவிடைமருதூரில் எங்கள் வீட்டு முன்னறை பதினொன்றுக்குப் பன்னிரண்டு அடி. 2023 ஜூன் 3, சனிக்கிழமை காலை, அதை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பெயர் செந்தாமரை, வயது முப்பத்திரண்டு. ஊர், வீரசோழன் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா காத்தான் நெடுநாள் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து, பிறகு ஒன்றேகால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர். செந்தாமரை பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

"கடை வைக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கடை இல்ல சார். பம்புசெட் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பண்ணப் போறேன். போன் போட்டா மோட்டார் ஓடும்."

"யார் போட்டாலுமா?"

"யார் மோட்டாரோ அவங்க போட்டா."

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது. யாராவது வயலுக்குப் போய் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். காத்தான் அதற்காக ஒரு நாளைக்கு நான்கு முறைகூட சைக்கிள் மிதித்திருக்கிறார். அவருக்கு என்று செய்ததுதான் முதல் பெட்டி. அதைப் பார்த்து ஊரில் மேலும் ஏழு பேர் வாங்கிக்கொண்டார்கள். எட்டும் இன்றுவரை ஓடுகின்றன.

செந்தாமரையின் கணவர் செழியன் ஓசூரிலேயே வேலையில் இருந்தார். இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. ஒரு வருடத்துக்குள் பெரிய ஆர்டர் ஒன்று ஒழுங்காக முடிந்தால் செழியன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்துகொள்வார். முடியாவிட்டால் செந்தாமரை அறையைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குத் திரும்ப வேண்டும். இதை அவர் ஒளிக்கவில்லை. அறை எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்டபோதே சொல்லிவிட்டார்.

பெரிய ஆர்டர், செந்தாமரை வந்த பதினோராம் மாதம்தான் வந்தது. பக்கத்துக் கிராமத்து உழவர் குழுவின் செயலாளர் துரைராசு, நாற்பது ஸ்டார்ட்டர் கேட்டார். குறுவைக்குப் போர்வெல் தண்ணீரில் நாற்றங்கால் விடுகிறவர்கள் அவர்கள். 2024 மே 24, வெள்ளிக்கிழமை தர வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன் தங்கச்சி. சனிக்கிழமை விடிஞ்சா கோயம்புத்தூர்காரனுக்குப் போன் போட்டுருவேன். நாத்தங்கால் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றார்.

"வெள்ளிக்கிழமை வந்துரும்ணே."

பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள, ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றிலும் இருக்கும் சிப் என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்ட அளவில் சொல்லிவிடுகிறேன். சுண்டு விரல் நீளத்தில் கறுப்பாக இருக்கும். பக்கத்துக்குப் பதினான்காக இருபத்தெட்டுக் கால்கள். வாங்கும்போது உள்ளே ஒன்றும் எழுதியிருக்காது. மோட்டாரை எப்போது ஓட்டு, எப்போது நிறுத்து என்ற கட்டளைகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் எழுத வேண்டும். எழுதுவதற்குப் புரோகிராமர் என்று கையடக்கமான ஒரு கருவி. அதன் மேல் ஒரு சாக்கெட், பக்கத்தில் சின்ன நெம்புகோல். சிப்பை வைத்து நெம்புகோலைச் சாய்த்தால் இருபத்தெட்டுக் கால்களையும் அது கவ்விக்கொள்ளும். கம்ப்யூட்டர் முதலில் சிப்பிடம், நீ யார் என்று கேட்கும். சிப் தன் அடையாளமாக மூன்று எண்களைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் மற்ற வேலை. எல்லாம் சேர்ந்து நாற்பது விநாடி.

முந்தின அக்டோபரில் ஐம்பது சிப் வாங்கியிருந்தார். எட்டு செலவானது போக நாற்பத்திரண்டு கையில் இருந்தன. மே 13, திங்கள்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எழுத உட்கார்ந்தார். முதல் சிப் சரியான எண்களைச் சொன்னது. இரண்டாவது மூன்று சுழியம் சொன்னது. மூன்றாவது சரி. நான்காவது பேசவே இல்லை. ஐந்தாவது, தன்னுடையது அல்லாத வேறு ஏதோ ஒரு சிப்பின் எண்ணைச் சொன்னது.

காபி கொண்டுவந்த என் மனைவி பாகீரதி நின்று பார்த்தாள்.

"என்னம்மா, பேரைக் கேட்டா முழிக்கறதா?"

"சில நேரம் வேற யார் பேரையோ சொல்லுது மாமி."

"இவரோட அத்தை பிள்ளை பொண்ணு பார்க்கப் போனப்ப இப்படித்தான்."

செந்தாமரை சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். மாலைக்குள் ஒன்பது சிப்பில் நான்கு எழுதி முடிந்தன, ஐந்து மறுத்தன. மறுத்த ஐந்தையும் மறுநாள் வைத்தால் அவற்றில் இரண்டு ஒழுங்காகப் பதில் சொல்லின. முதல்நாள் ஒழுங்காக இருந்த ஒன்று வாயை மூடிக்கொண்டது.

"சார், நடக்கறதை நீங்க கொஞ்சம் நோட்டுல எழுதுவீங்களா? கையில சிப்பை வெச்சுக்கிட்டு என்னால எழுத முடியல" என்றார்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் இருபத்தொன்பது ஆண்டு பட்டியல் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நேரம், சிப் எண், சிப் சொன்ன பதில், கடைசியாகச் செய்த காரியம், மின்சாரம் உண்டா இல்லையா, மின்விசிறி ஓடியதா என்று ஆறு பத்திகள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் செந்தாமரை வெள்ளை மையால் எண் போட்டார்.

புதன்கிழமை கேபிளை மாற்றினார். பத்து நிமிடம் எல்லாம் சரியாக நடந்தது. பதினோராவது நிமிடம் பழையபடி ஆனது. கம்ப்யூட்டரை மாற்றினார், அதேதான். சாக்கெட்டுக்கு வரும் மின்சாரத்தை மீட்டரால் அளந்தார். நான்கு புள்ளி ஒன்பது வோல்ட், இருக்க வேண்டிய அளவு. கம்ப்யூட்டரைச் சுவரில் செருகாமல் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். மூன்று சரி, இரண்டு இல்லை.

என் நோட்டைக் கூட்டிப் பார்த்ததில், மின்விசிறி ஓடியபோது வைத்த முப்பத்தொரு முறையில் பதினெட்டு சரியாக இருந்தன. நின்றபோது வைத்த இருபதில் ஆறுதான். இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். வியாழன் காலை முழுவதும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, பறக்கும் காகிதங்களைப் பிடித்தபடி வேலை நடந்தது. பத்தில் மூன்று.

"விசிறி இல்ல சார்" என்றார் செந்தாமரை.

"அப்ப கணக்கு எப்படி அப்படி வந்தது?"

"தெரியல சார்."

அன்று மதியம் சென்னையிலிருந்து புதுப் புரோகிராமர் கூரியரில் வந்தது. முதல் சிப் சரி. இரண்டாவது சரி. செந்தாமரை எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது மூன்று சுழியம் சொன்னது. அவர் மறுபடி உட்கார்ந்தார். கருவியில் குற்றம் இல்லை என்றால் சிப்பில்தான் குற்றம் என்று வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் பஸ் ஏறினார். தேடிப் போன கடையில் அதே சிப் ஐந்துதான் இருந்தன. கொண்டுவந்து பிரித்து, அதே முறையில் வைத்தார். இரண்டு சரி. மூன்றாவது மறுத்தது.

புதுக் கருவி, புதுச் சிப், புதுக் கேபிள். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் கோளாறு மட்டும் பழையதாகவே இருந்தது. மாற்றாமல் மிச்சமிருந்தது இந்த அறையும் நாங்கள் மூவரும்தான். ஓசூரில் ஒன்பது ஆண்டும் இந்த வேலையையே செய்தவர், மேசை மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி இருந்தார்.

"ஃபேக்டரியில ஒண்ணை மாத்துனா ஒண்ணு தெரியும் சார். இங்க மாத்த மாத்த ஒண்ணும் தெரியல."

சனிக்கிழமை ஒரு வழி கிடைத்ததுபோல் இருந்தது. சிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் அது பதில் சொன்னது. சாக்கெட் தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து, அழுத்தியபடியே எழுத ஆரம்பித்தார். மதியத்துக்குள் பன்னிரண்டு முடிந்தன. அதன் பிறகு வைத்தவை ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. முன்பு மறுத்தவை இன்னொரு நாள் பதில் சொல்லும். இவை அழுத்தினாலும் சொல்லவில்லை, எந்தக் கருவியில் வைத்தாலும் சொல்லவில்லை. மாலைக்குள் ஒன்பது. நாற்பத்திரண்டும் ஐந்தும் நாற்பத்தேழு. அதில் ஒன்பது போனால் முப்பத்தெட்டு. வேண்டியது நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை செழியன் போனில் பேசினார். அறைக் கதவு திறந்திருந்தது, போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"முடியலன்னா விட்டுரு தாமரை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்காதீங்க."

"நான் கேக்கல. சொன்னேன்."

"சொல்லவும் வேணாம்."

திங்கள்கிழமை காலை அவர் பழைய புரோகிராமரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் சாலைக்குப் போனார். அங்கே ஹாஃபிஸா என்பவர் பத்து ஆண்டாக மொபைல் பழுது பார்க்கிறார். சாக்கெட்டைக் கழற்றிவிட்டு வேறு வைத்து ஒட்ட அவரிடம் சூடான காற்றை ஊதும் நல்ல துப்பாக்கி ஒன்று இருந்தது. நானும் உடன் போனேன். ஹாஃபிஸா கழற்றுவதற்கு முன்னால் சாக்கெட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதை அரிசில போட்டியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. தண்ணில விழுந்துச்சா?"

"சாக்கெட்டைப் போடலக்கா. சிப்பைப் போட்டேன்."

ஹாஃபிஸா தலையை நிமிர்த்தி, தன் கடைச் சுவரைக் காட்டினார். நனைந்த போனை அரிசியில் போட்டு எடுத்து வர வேண்டாம் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தது.

"வாரம் ரெண்டு பேர் வர்றாங்க. சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள இருந்து தவிட்டைச் சுரண்டியே என் நகம் போச்சு. நீ எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவ."

"மாமிதான்க்கா சொன்னாங்க."

"எந்த மில்லு அரிசி? மில்லுக்காரன் தவிட்டை எடுக்கவே இல்ல போல. அடுத்த தடவை சோத்துக்காவது வாங்கிக்கறேன்."

நடந்தது இதுதான். முந்தின ஆண்டு நவம்பர் 9 அன்று அடைமழையில் முன்னறைச் சுவரில் ஓதம் ஏறியது. சிப்பின் கால்கள் துருப்பிடித்துவிடும் என்று செந்தாமரை கவலைப்பட்டார். பாகீரதியின் போன் ஒருமுறை தொட்டியில் விழுந்து, ஒரு நாள் அரிசியில் கிடந்து பிழைத்திருக்கிறது. எனவே பாகீரதி, எட்டுப் பெட்டிக்குப் போக மிச்சமிருந்த சிப்புகளையும் அரிசியில் போடச் சொன்னாள். அவை அடைத்து வந்த பிளாஸ்டிக் குழாயிலிருந்து உருவித் தனித்தனியாகப் போட்டால்தான் ஈரத்தை நன்றாக இழுக்கும் என்றும் சொன்னாள். மேல்தட்டிலிருந்து அரிசி டின்னை இறக்கிக் கொடுத்தவன் நான். நெல்லின் ஈரத்தைக் கருவியால் அளந்து, பதினேழு சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று எத்தனையோ பேரின் மூட்டைகளைத் திருப்பி அனுப்பியவன். அரிசிக்குள்ளேயே ஈரம் உண்டு, தவிட்டில் எண்ணெய் உண்டு என்பது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அன்று அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் நோட்டின் ஆறு பத்திகளில், சிப் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தியும் இல்லை.

ஆறு மாதத்தில் கால்களில் கண்ணுக்குத் தெரியாத தவிட்டுப் படலம் பிடித்திருந்தது. செந்தாமரை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் வாயால் ஊதிவிட்டுத்தான் வைத்தார். அது போதவில்லை. சிப்பிலிருந்து தவிடு சாக்கெட்டுக்குப் போனது. சாக்கெட்டிலிருந்து திருச்சிப் புதுச் சிப்புக்கு ஏறியது. பழைய சிப்புகள் சென்னைப் புதுக் கருவியையும் மூன்றாவது தடவையிலேயே அழுக்காக்கின. எதை மாற்றினாலும் மாற்றியதும் கெட்டுப்போனதற்கு இதுதான் காரணம்.

சாக்கெட்டைக் கழற்றவில்லை. ஹாஃபிஸா ஸ்பிரிட்டும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொடுத்தார். திங்கள் மதியம் முழுவதும் கால்களை ரப்பரால் துடைத்து, ஸ்பிரிட்டில் கழுவி, இரண்டு சாக்கெட்டுகளையும் தேய்த்தார் செந்தாமரை. மாலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முப்பத்தேழு முதல் தடவையிலேயே தன் எண்ணைச் சொல்லின. இருபத்துமூன்றாம் சிப் மட்டும் சொல்லவில்லை.

மகிழ்ச்சி அடைய வேண்டிய நேரம்தான். ஆனால் செத்த ஒன்பதும் கழுவிய பிறகும் செத்தே கிடந்தன. செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை கழுவினார், மூன்றாம் முறையும் கழுவினார். அவை அசையவில்லை. அதற்குள் இருபத்துமூன்றாம் சிப், யாரும் ஒன்றும் செய்யாமலே, செவ்வாய் காலை பதினொன்றரைக்குச் சரியாகப் பதில் சொன்னது.

"தவிடுதான் காரணம்னா இந்த ஒன்பதும் பொழைக்கணும். இது ஏன் தானா பொழைச்சுது?" என்றார்.

"ஹாஃபிஸா சொன்னது தப்போ?" என்று கேட்டாள் பாகீரதி. குற்றம் தன் மேலிருந்து இறங்கட்டும் என்ற ஆசை குரலில் இருந்தது.

"தப்பில்ல மாமி. சாக்கெட்டுல நானே பார்த்தேன். ஆனா முழுசா அது மட்டும் இல்ல."

புதன்கிழமை அவர் என் நோட்டை வாங்கிச் சனிக்கிழமைப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செத்த ஒன்பதுக்கும் எதிரே, கடைசியாகச் செய்த காரியம் என்ற பத்தியில் அமைப்பு என்ற ஒரே வார்த்தை இருந்தது. கட்டளைகளை எழுதியபோது ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்குப் பிறகு, சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்ற அமைப்பை எழுதிய உடனேதான் ஒன்பதும் செத்திருந்தன.

செந்தாமரை தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"நான் கொன்னுட்டேன் சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அமைப்பு எழுதுறப்ப விரல் நழுவியிருக்கு. தவிட்டுக் காலு, பாதி தொட்டுப் பாதி தொடாம. தப்பான அமைப்பு உள்ள போயிருச்சு. வெளியில இருந்து ஒரு கடிகாரம் டிக் டிக்னு அடிக்கும், அதைப் பார்த்து ஓடுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். வெளியில கடிகாரமே இல்ல. அது காத்துக்கிட்டே இருக்கு."

"அப்ப சாகலையா?"

"தெரியல. இருங்க."

நல்ல சிப் ஒன்றை எடுத்து, அதன் ஒரு காலிலிருந்து இடைவிடாத துடிப்பு வரும்படி எழுதினார். ஒரு மெல்லிய கம்பியால் அந்தக் காலையும் செத்த சிப்பின் ஒன்பதாம் காலையும் இணைத்தார். கம்ப்யூட்டர், நீ யார் என்று கேட்டது. சிப் தன் மூன்று எண்களையும் சொன்னது. அமைப்பைத் திருத்தி எழுதினார். கம்பியை எடுத்த பிறகும் அது பேசியது.

ஒன்பதில் ஆறு பிழைத்தன. மூன்று இன்றுவரை பேசவில்லை. அவற்றுக்கு வேறு என்ன ஆனதென்று தெரியவில்லை. முப்பத்தேழும் ஆறும் நாற்பத்துமூன்று. இருபத்துமூன்றாம் சிப்பைச் செந்தாமரை சேர்க்கவில்லை.

"நல்லாத்தானே பேசறது?" என்றாள் பாகீரதி.

"ஏன் பேசுதுன்னு தெரியல மாமி. தெரியாததை ஒருத்தர் மோட்டார்ல மாட்ட முடியாது."

வியாழக்கிழமை முழுவதும் நாற்பது சிப்பிலும் எழுதி முடித்து, பலகைகளில் பொருத்தி, பெட்டிகளில் அடைத்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் துரைராசு குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்தார். செந்தாமரை பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் சொன்னார். அரிசியையும் விடவில்லை, கட்டைவிரலையும் விடவில்லை.

துரைராசு கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவ்வளவும் எங்கிட்ட எதுக்குத் தங்கச்சி சொல்ற? எனக்கு ஒரே பயமா இருக்கு. முதல்ல என் வயல்ல ஒண்ணு மாட்டு. ஓடுனா நாப்பதும் இறங்கட்டும். ஓடலன்னா வண்டி இப்படியே திரும்பிரும்."

நானும் வண்டியில் உடன் போனேன். பத்து மணிக்குத் துரைராசுவின் மோட்டார் கொட்டகையில் செந்தாமரை முதல் பெட்டியைச் சுவரில் பொருத்தினார். துரைராசு வரப்பில் நின்றபடி தன் போனில் எண்ணை அழுத்தினார். பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் ஓடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி சிவப்பு.

"இதுக்கும் பேரைக் கேட்டுப் பாக்கணுமா?" என்றார் துரைராசு.

பெட்டியைத் திறக்கப் போன செந்தாமரை, கையை இழுத்துக்கொண்டு, மீட்டரை எடுத்தார். மெயின் சுவிட்சில் வரும் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அளந்தார். மூன்றாவதை இரண்டு முறை அளந்தார்.

"அண்ணே, உங்களுக்கு மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு வரல."

"காலைல ஓட்டுனேனே."

"காலைல இருந்திருக்கும். இப்ப ரெண்டுதான் வருது. பெட்டி அதைப் பாத்துட்டுத்தான் ஓட்ட மாட்டேங்குது. பழைய ஸ்டார்ட்டர்ல அழுத்தியிருந்தா மோட்டார் காயில் கருகியிருக்கும்."

அவருக்குப் போன வருடம் இரண்டு முறை காயில் கருகியிருந்தது. சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓடுனாலும் நல்ல சாமான், ஓடலன்னாலும் நல்ல சாமான்ங்கிற."

"நீங்களே வந்து அளந்து பாருங்கண்ணே."

அவரே அளந்து பார்த்தார். பிறகு லைன்மேனுக்குப் போன் செய்தார். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு லைன்மேன் வந்து போட்டுவிட்டுப் போனார். அதுவரை செந்தாமரை கொட்டகை நிழலில் உட்காரவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மணிக்குத் துரைராசு மறுபடி எண்ணை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் முனகி, சீராகி, குழாயில் தண்ணீர் வந்து நாற்றங்காலில் விழுந்தது. நிறுத்தச் சொன்னார், நின்றது. மறுபடி ஓட்டினார், ஓடியது. ஐந்து முறை இப்படிச் செய்தார்.

"எல்லாத்தையும் இறக்குங்கடா" என்று வண்டிப் பக்கம் குரல் கொடுத்தார்.

செந்தாமரை வரப்பின் மறுபக்கம் போய்ச் செழியனைக் கூப்பிட்டார். மோட்டார் இரைச்சலில் செழியன் பேசுவது கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு உரக்கப் பேசினார்.

"ஓடுதா?" என்றார் செழியன்.

"சத்தம் கேக்கலையா?"

"கேக்குது. கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

"அரிசி. அப்புறம் என் விரல். ஒரு சிப்பு என்னன்னு தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. அங்க வேலையை விடுறேன்னு என்னைக்குச் சொல்லப் போறீங்க?"

"திங்கக்கிழமை சொல்லிடறேன்" என்றார் செழியன். பிறகு, "அரிசியா?" என்று கேட்டார்.

துரைராசு அடுத்த வயலுக்கு ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். செந்தாமரை பேசிக்கொண்டே மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். இன்னும் முப்பத்தொன்பது மாட்ட வேண்டியிருந்தது.